சிக்னல் கிடைக்காத காடுகள்

அமெரிக்க எல்லையில் எங்களிடமிருந்து பறிமுதலானது ஒரு பிடி கறிவேப்பிலை. வீட்டுக்குள் தொட்டியில் வளரும் செடியிலிருந்து கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, தயிர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள் என் மனைவி சுமதி. துப்பாக்கி உண்டா, புகையிலை உண்டா, செடி கொடி இலை தழை ஏதாவது உண்டா என்று அதிகாரி வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. கறிவேப்பிலை என் கண்ணுக்கு என்றைக்கும் இலையாகப் பட்டதில்லை, அது சமையல் சாமான். அதிகாரி வண்டிக்குள் ஏறி, டப்பாவைத் திறந்து முகர்ந்தார். வாசனை பிரமாதம், ஆனால் இதோடு வரும் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களையே அழித்துவிடும் என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். எல்லைச் சாவடியில் போனை எடுக்கக் கூடாதாம். அதற்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது.

நான் போனைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், கனடாவில் எங்கள் ஊரான மொன்றியலின் டவுன்டவுனில் ஒரு மருத்துவமனையில், சுமதியின் இடது மார்பில் இருந்த கட்டிக்குள் ஊசி விட்டு, சோதனைக்கு ஒரு துணுக்கு எடுத்திருந்தார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பயணம் இலையுதிர் காலத்திலேயே முடிவானது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் குளிர்காலம். ரத்து செய்துவிடலாம் என்றேன். சுமதி கேட்கவில்லை.

“இங்க உக்காந்து பனியையும் போனையும் மாத்தி மாத்திப் பாக்க என்னால ஆகாதுங்க. கிளம்பலாம்” என்றாள்.

சாவியைப் பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம் கொடுத்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்களுக்கு முன்பே குடியேறியவர். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஏற்பாடு.

எங்கள் வண்டியை இங்கே ஆர்.வி. என்பார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். திருச்சியில் இருக்கும் என் தங்கையிடம் சொன்னபோது, சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் கேரவனா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் கழிவுத் தொட்டியை ஹீரோவே காலி செய்ய வேண்டும் என்றேன்.

முதல் மூன்று நாள் வண்டியில் தண்ணீரே கிடையாது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. குழாய்கள் வெடிக்காமலிருக்க அவற்றில் ஒரு ரோஸ் நிறத் திரவத்தை நிரப்பி வைப்பார்கள். குழாயைத் திறந்தால் பால்கோவாக் கடை ரோஸ்மில்க் மாதிரி ஊற்றும், குடித்தால் ஆள் காலி. ஆகவே கேனில் தண்ணீர், காகிதத் தட்டு, பெட்ரோல் பங்க் கழிவறை. பென்சில்வேனியாவில் ஒரு கடை வாகன நிறுத்தத்தில் இறங்கி நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தன் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனாள்.

வர்ஜீனியாவில் உறைநிலைக்கு மேலே வந்தோம். குழாய்களைக் கழுவிவிட்டு, சுமதி முதல் காரியமாக அரிசியும் உளுந்தும் ஊறவைத்தாள். மொன்றியலில் நம்மூர்க் கடைகள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாங்கிய சின்ன கிரைண்டரைத் துணிமணிக்கு நடுவே ஒளித்துக் கொண்டு வந்திருந்தாள். அரைத்த மாவு பொங்க வெதுவெதுப்பு வேண்டுமே, தரையோரமாக ஹீட்டர் காற்று வரும் இடத்தில் பாத்திரத்தை வைத்தாள். விடியும் நேரத்தில் காது கிழிகிற மாதிரி அலாரம் அடித்தது. கேஸ் கசிவு அலாரம். நான் சிலிண்டரை மூடினேன், அவள் ஸ்வெட்டரைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள், நான் போனை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கேம்ப் கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தார். கசிவு எங்கேயும் இல்லை. கடைசியில் குனிந்து, அலாரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கினார். மாவு நன்றாகப் பொங்கி வழிந்திருந்தது. புளிக்கும் மாவிலிருந்து வரும் ஆவியைக் கேஸ் என்று எடுத்துக்கொண்டதாம் அந்தக் கருவி. இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ரொட்டி மாவில் இப்படி ஆனது உண்டு, இது என்ன மாவு என்று கேட்டார். அவருக்கு ஆறு இட்லி போயிற்று. சட்னியைத் தொடவில்லை, மேப்பிள் பாகு ஊற்றிச் சாப்பிட்டார்.

சுமதி அன்று வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எரியப்போகிறது என்று நினைத்த வண்டியிலிருந்து நான் எதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். கிளம்பிய நாளிலிருந்து போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. சுமதியின் போன் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அணைந்து கிடந்தது. வீட்டு விவகாரம் எல்லாம் காலம் காலமாக என் இலாகா. வரி, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எதுவானாலும் நான் எழுதுவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். மருத்துவமனை படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

ஜார்ஜியாவில் ஒரு பெட்ரோல் பங்கில், தோலோடு உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை விற்றார்கள். மலைக்கோட்டை வாசலில் விற்பதேதான், ருசிகூட அதேதான். கல்லாவில் இருந்தவர் எங்களுக்கு எப்படித் தின்பது என்று பாடம் நடத்தினார். தோலை உடைக்க வேண்டுமாம், உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்ச வேண்டுமாம். சுமதி தெரியாதவள் போல முழுவதையும் கேட்டுவிட்டு, இரண்டு பொட்டலம் வாங்கினாள். அங்கே காலை உணவாகக் கொடுக்கும் மக்காச்சோளக் கஞ்சி, தாளிக்க மறந்த ரவா உப்புமா போல இருந்தது. மறுநாள் அவள் அதே கஞ்சியை வாங்கி வந்து கடுகு, மிளகாய், இஞ்சி போட்டுத் தாளித்தாள். கறிவேப்பிலை இல்லையே என்று எல்லை அதிகாரியை ஒருமுறை திட்டிக்கொண்டாள்.

ஜார்ஜியாவில் நாங்கள் தங்கிய காட்டில்தான், எங்கள் மாகாணத்து ஊரான த்ருவா ரிவியேரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியைச் சந்தித்தோம். வண்டிக்குப் பின்னால் இருந்த எங்கள் கியூபெக் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்தே ‘போன்ஜூர்’ என்று கத்திக்கொண்டு வந்தார்கள். சுமதி இருபத்திரண்டு வருடம் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்து, குழந்தைகளோடு பிரெஞ்சு பேசியவள், அரை மணி நேரம் அரட்டை அடித்தாள். எனக்கு அந்த மொழி இன்றைக்கும் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான். எந்த ஊர் என்று கேட்டார்கள், மொன்றியல் என்றோம், அதோடு விட்டுவிட்டார்கள். மொன்றியலில் இதே பதிலைச் சொன்னால் அதற்கு முன்னால் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்ததும் நாங்கள் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம்.

தினமும் ஐந்தாறு மைல் நடந்தோம். நடையிலும் எங்களுக்குள் இழுபறிதான். எனக்கு மலை உச்சிக்குப் போகும் பாதை வேண்டும், அவளுக்கு ஓடையோரமாகப் பள்ளத்தில் இறங்கும் பாதை வேண்டும். உச்சியில் காட்சி நன்றாக இருக்கும் என்று நான் சொல்வேன். உச்சிக்குப் போனதும் காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். சிக்னல் இரண்டு கோடு காட்டும், சில நேரம் ஒரு கோடு. எந்த அழைப்பும் வந்திருக்காது. பள்ளத்துப் பாதையில் கோடே இருக்காது, அங்கே அவள் நிதானமாக நடப்பாள், பாசியைத் தொட்டுப் பார்ப்பாள், பாறையில் உட்கார்ந்து கடலை உரிப்பாள். நான் அவளுக்கு நூறடி முன்னால் போய் நின்று காத்திருப்பேன். சும்மா உட்கார என்னால் முடியவில்லை. வண்டிக்குத் திரும்பியதும் டயரில் காற்றுப் பார்ப்பேன், கண்ணாடி துடைப்பேன், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பேன்.

பன்னிரண்டாம் நாள் புளோரிடாவின் வடமேற்கு மூலையில் ஒரு பைன் காட்டுக்குள் நுழைந்தோம். அது கண்ணை மறைக்கும் காடு இல்லை. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், அடியில் முழங்கால் உயரப் புல். குளிர்காலத்தில் வனத்துறையே அந்தப் புல்லுக்குத் தீ வைக்கும், அப்போதுதான் புது விதை முளைக்குமாம். ஒரு பக்கம் கருகிய தரை, மறு பக்கம் பச்சை. மான் வேட்டைப் பருவம் என்பதால் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டையில் சுமதி சாலைப் பணியாளர் மாதிரி இருந்தாள். நான் அவளுக்கு மேஸ்திரி மாதிரி இருந்ததாகச் சொன்னாள்.

அங்கே கோடு என்பதே கிடையாது. பழைய தீக்காவல் கோபுரம் இருக்கும் மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று வன ஊழியர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை, புதிய பாதை ஒன்று பார்க்கலாம் என்று சுமதியிடம் சொல்லி, வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். முதல் மைல் நன்றாக இருந்தது. இரண்டாவது மைலில் பாதை சர்க்கரை போன்ற வெள்ளை மணலாக மாறியது. மூன்றாவதில் பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது. கோபுரம் அரை மைல் தள்ளி மரங்களுக்கு மேலே தெரிந்தது.

சுமதி மடக்கு நாற்காலியை இறக்கி, நிழலில் போட்டு, ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். நான் பின்பக்க ஏணியில் ஏறி வண்டியின் கூரை மேல் நின்றேன். போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. தங்கை அனுப்பிய பூக்கோலப் படம் ஒன்று இறங்கியது. வேறு எதுவும் இல்லை.

“ஒண்ணுமே வரல சுமதி. பதிமூணு நாளாச்சு, ஒரு மிஸ்டு கால்கூட இல்ல” என்றேன் மேலிருந்து.

அவள் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் போனுக்கு வராதுங்க. நீங்க வீட்டு நம்பரத்தான எழுதினீங்க.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வீட்டில் இன்னும் பழைய தொலைபேசி இருக்கிறது. கனடாவுக்கு வந்த வருடம் வாங்கிய இணைப்பு. மகன் படித்த பள்ளிக்கூடம், பல் வைத்தியர், வங்கி, ஊரிலிருந்து கூப்பிடும் பெரியவர்கள் என்று எல்லாரிடமும் அந்த நம்பர்தான் இருந்தது. எந்தப் படிவத்திலும் தொலைபேசி என்ற கட்டத்தைக் கண்டால் என் கை தானாக அதைத்தான் எழுதும். மருத்துவமனையிலும் எழுதியிருக்கிறது. மலை மலையாக ஏறி நான் தூக்கிப் பிடித்த போனுக்கும் அந்த மருத்துவமனைக்கும் சம்பந்தமே இல்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“எழுதறப்பவே பாத்தேன். சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்புறம், மூணு வாரம் எனக்கு ஒண்ணும் இல்லாமயே இருக்கட்டுமேன்னு தோணிச்சு. கையெழுத்துப் போட்டேன்.”

கூரையிலிருந்து இறங்கினேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பதிமூன்று நாள் என்னைக் கோமாளியாக்கியிருக்கிறாள் என்று தோன்றியது. ஒரு கட்டி நீ பார்க்காவிட்டால் வளராமல் இருக்குமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டாள். இட்லிப் பாத்திரத்தின் மூடியை எடுத்து நான் சக்கரத்துக்கு அடியில் மணலைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டிய இடத்தில் மணல் மறுபடி சரிந்து நிரம்பியது. கோபம் அடங்கியதும் அடியில் இருந்தது வெறும் பயம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் தோண்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, பின்னால் மூன்று வேட்டை நாய்களை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் எழுபது வயதுப் பெண், டார்லீன் என்று பெயர் சொன்னாள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னாள், சங்கிலி மாட்டினாள், ஒரே இழுப்பில் எங்களை வெளியே எடுத்தாள். இந்தப் பாதையில் எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள். சிக்னல் என்றேன். சிக்னலிலிருந்து தப்பிக்கத்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, சுமதி கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை நாய்களுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

டயருக்குக் காற்றடிக்க, நெடுஞ்சாலையில் ஒரு கடையில் நிறுத்தினோம். அங்கே நான்கு கோடு. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லி இறங்கி, ஐஸ்கட்டி இயந்திரத்துக்குப் பின்னால் போய் மலர் அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டுத் தொலைபேசியைப் பார்க்கச் சொன்னதும், அவர் செல்போனோடு நேரே எங்கள் வீட்டுக்குப் போய் என்னிடம் பேசினார்.

“ஓம் தம்பி, போனிலை சிவப்பு லைற் மின்னிக்கொண்டு கிடக்கு. ஆரோ மெசேஜ் விட்டிருக்கினம் போலை. நான் தொடேல்லை. அமத்தட்டே?”

பொத்தானை அமத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அக்காவின் பிரெஞ்சு என்னுடையதை விட நல்லது. என்ன செய்தி என்று சொல்லியிருப்பார். கூரியரில் வரும் எந்த உறையையும் வாசலிலேயே கிழித்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் அந்த மடக்கு நாற்காலியும் அதில் உட்கார்ந்திருந்தவளும் கண்ணில் நின்றார்கள்.

“வேண்டாம் அக்கா. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

“சுமதி சுகமோ?” என்று கேட்டார். சுகம் என்றேன். அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வைத்துவிட்டேன். தண்ணீர் வாங்க மறந்துவிட்டு வெறுங்கையோடு வண்டிக்கு வந்தேன். அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு முந்தைய பதிமூன்று நாளில் பட்டதில்லை. அதுவரை செய்தி வருமா என்ற தவிப்பு. இப்போது செய்தி ரொக்ஸ்பரோவில் எங்கள் சமையலறை மேடையில் மின்னிக்கொண்டிருக்கிறது. சுமதி காட்டிய பறவையைப் பார்த்தேன், சாப்பிடச் சொன்னதைச் சாப்பிட்டேன். ஓர் ஆமையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அது முதலை என்று அவளிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சதுப்பு நிலத்துக்குப் போனோம். தண்ணீருக்குள்ளேயே வேர் பிடித்து நிற்கும் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நீளமாக மரப்பலகைப் பாதை போட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். வேறு யாரும் இல்லை. பாதி வழியில் சுமதி நின்றாள்.

“மலர் அக்காகிட்ட பேசினீங்கல்ல?”

“பேசினேன்.”

“மெசேஜ் இருக்கா?”

“இருக்கு. நான் கேக்கல.”

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களா கேக்காம இருந்தீங்க?” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “போனைக் குடுங்க.”

போனில் மூன்று கோடு இருந்தது. மருத்துவமனையைக் கூப்பிட்டாள். பெயர், பிறந்த தேதி, மருத்துவ அட்டை எண் எல்லாம் பிரெஞ்சில் சொன்னாள். காத்திருக்கச் சொன்னார்கள், சங்கீதம் ஓடியது, எனக்கே கேட்டது. ஒரு நர்ஸ் வந்தாள். நேரில்தான் சொல்வோம் என்றாளாம், நான் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுப்பு நிலத்துக்கு நடுவில் நிற்கிறேன், சொல்லுங்கள் என்று சுமதி விடாமல் நின்றிருக்கிறாள். இதெல்லாம் அவள் பிறகு சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குக் காதில் விழுந்தது ‘உய்’, ‘உய்’, ‘தாக்கோர்’ மட்டும்தான், ஆமாம், ஆமாம், சரி. மறுமுனையில் இப்போது டாக்டர் பேசுவது போலிருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்தெரியில் அழுகிற குழந்தையின் அம்மாவிடம் போனில் பேசுவாளே, அந்த நிதானமான குரலில் கடைசிவரை பேசினாள். ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி முடித்து, போனை என்னிடம் தராமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

“கான்சர்தான். சின்னதா இருக்காம், பரவலையாம். அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் ஆபரேஷன்.”

என் மூளை உடனே கணக்குப் போட்டது. இப்போதே வண்டியை எடுத்தால் நான்கு நாள், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினால் மூன்று. வழியில் மறுபடி குழாயில் ரோஸ் திரவம் நிரப்ப வேண்டும். இப்பவே கிளம்பினா என்று ஆரம்பித்தேன்.

“இந்தப் பாதை இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள்.

“ரெண்டு மைல் இருக்கும்.”

“முடிச்சுட்டுக் கிளம்பலாம்.”

பயமாக இருக்கிறது சுமதி என்று சொன்னேன். திருமணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவளிடம் இதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கும்தான் என்றாள். போனைத் தன் ஆரஞ்சுச் சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு முன்னால் நடந்தாள், நடந்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். நான் எட்டி அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படி நடப்பது சுலபமாக இல்லை, என் ஷூ முனை அவள் குதிகாலில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு மைலும் அப்படியே நடந்தோம்.